மூலம் என்று சொன்னோம்

தீராத நோய் என்றால் நோயாளியிடம் அதைச் சொல்லலாமா என்று எட்டு வருஷங்களுக்கு முன் யாராவது கேட்டிருந்தால், யோசிக்காமல் 'கூடாது' என்றிருப்பேன். வள்ளுவரே பொய்க்கும் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார் அல்லவா? என் அத்தானிடம் பொய் சொன்னபோது அந்த ஆதாரம் மிகவும் சௌகரியமாக இருந்தது.

அத்தானுக்கு வந்தது மலக்குடலில் புற்றுநோய். ரத்தம் போவதை மூலம் என்று அவரே தீர்மானித்து, ஒரு வருஷத்தைக் கருணைக்கிழங்கிலும் லேகியத்திலும் ஓட்டிவிட்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆரம்பத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கண்டுபிடித்தபோது கல்லீரலுக்கும் பரவியிருந்தது. "குணமாக்க முடியாது, கஷ்டத்தைக் குறைக்கலாம்" என்றார் டாக்டர். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். "மூலம் என்றே இருக்கட்டும்" என்றேன்.

கஷ்டத்தைக் குறைப்பது லேசான காரியமல்ல. ரத்தத்தை நிறுத்தக் கதிர்வீச்சுக் கொடுத்தார்கள். போய்விட்டு வந்த மறுநிமிஷமே மறுபடி போகவேண்டும்போல் முடுக்குமே, அந்த வேதனையும் கொஞ்சம் தணிந்தது. பிறகு குடல் அடைத்துக்கொண்டு வயிறு உப்பியது. உள்ளே கம்பிவலைக் குழாய் வைத்து வழி திறப்பதுண்டு. கட்டி ஆசனவாயை ஒட்டி இருந்ததால் அது சரிப்படாது என்றார்கள். பெருங்குடலை வயிற்றின்மேல் திறந்து, மலம் பையில் விழும்படி செய்யவேண்டும். டாக்டர் விளக்க வந்தபோது நானே மறித்து, "அடைப்பை எடுக்கிறார்கள், அத்தான்" என்று கையெழுத்து வாங்கினேன்.

மயக்கம் தெளிந்ததும் பையைத் தடவிப் பார்த்தார். "மூலத்துக்கு இதெல்லாம் செய்வார்களா, மாப்பிள்ளை?"

அன்றும் பொய்தான் சொன்னேன்.

உண்மையைச் சொல்லியிருந்தாலும் ஒப்புக்கொண்டிருப்பார் என்றே நினைக்கிறேன். அந்தப் பை இல்லாவிட்டால் ஆறு மாதம் சோறு தின்றிருக்க முடியாது. ஆனால் இத்தனை நாளுக்கு இத்தனை மானம் என்று பேரம் பேசவேண்டியவர் அவர். அவருக்குத் தெரியாமல் நான் பேசி முடித்துவிட்டேன். பிழைத்து எழுகிற நோயானால் பிறகு மன்னிப்பாவது கேட்கலாம்.

இன்னொன்றுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் மார்பின் கிடைக்காமல் துடித்தவர்கள் எத்தனையோ பேர். 2014-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். எங்கள் வீட்டு அலமாரியில் அந்த மாத்திரை இருந்தது. அத்தான் கேட்கவில்லை. மூலத்துக்கு யார் மார்பின் கேட்பார்கள்? பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்று தேவலை" என்பார்.

கடைசி மாதத்தில் ஒரு நாள், நான் பையை மாற்றிக்கொண்டிருந்தபோது வாசற்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்:

"உன் அக்காவிடம் மூலம் என்றே சொல்லிவை, மாப்பிள்ளை. பயந்துவிடுவாள்."