சோற்றைக் கண்டால் வாயை மூடும் பிள்ளை



போன வாரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு சகோதரர் தம் இரண்டரை வயது மகனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "ஹஜ்ரத், தண்ணி ஓதிக் கொடுங்க. சோத்தைக் கண்டாலே வாயை மூடிக்கிறான்" என்றார். ஓதிக் கொடுத்துவிட்டு, "வீட்டில் எப்படி ஊட்டுகிறீர்கள்?" என்று கேட்டேன். தயங்கித்தான் சொன்னார். தாய் கையைப் பிடித்துக்கொள்வார். இவர் மூக்கைப் பொத்துவார். வாய் திறந்ததும் சோற்றைத் திணிப்பார். துப்பினால் அடி. பிறகு, "பிள்ளை வளர்க்கத் தெரியலை" என்று மனைவிக்கு ஏச்சு.

சகோதரர்களே, அழுகிற பிள்ளையின் வாயில் சோற்றைத் திணித்தால் அது மூச்சுக்குழலில் போய் அடைத்துக்கொள்ளலாம். உயிரே போய்விடும். நம் மேலப்பாளையத்தில் மடியில் பீடித்தட்டை வைத்துக்கொண்டே பிள்ளைக்கு ஊட்டுகிற தாய்மார்கள் எத்தனை பேர்! தட்டில் சோறு மிஞ்சினால் கணக்குக் கேட்பது அவர்களிடம் மட்டும்தான். அதனால் இன்றைக்கு நான் பேசுவது ஆண்களிடம்.

மைமூனா (ரலி) அவர்களின் வீட்டில் பொரித்த உடும்பு பரிமாறப்பட்டது. நபி (ஸல்) அவர்கள் கையை நீட்டினார்கள். அது உடும்பு என்று பெண்கள் தெரிவித்ததும் கையை எடுத்துக்கொண்டார்கள். "இது ஹராமா?" என்று காலித் பின் வலீத் (ரலி) கேட்டார். இல்லை, தம் சமூகத்தாரின் மண்ணில் அது இல்லாததால் தமக்கு மனம் ஒப்பவில்லை என்று விளக்கினார்கள். காலித் (ரலி) அதைத் தம் பக்கம் இழுத்துச் சாப்பிட்டார். நபியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள் (புகாரி). உணவைக் குறை சொல்லவில்லை, யாரும் யாரையும் வற்புறுத்தவும் இல்லை. பழகாத உணவு அல்லாஹ்வின் தூதருக்கே மனம் ஒப்பவில்லை என்றால், நேற்று முதன்முதலாகக் கீரையைப் பார்த்த பிள்ளைக்கு? பாகற்காய் ஆணம் என்றதும் முகம் சுளிக்கிற நாமா அடிப்பது?

பிள்ளை முதல் வருடத்தில் பிறந்த எடையைப் போல ஏறக்குறைய 3 மடங்கு ஆகிறது. அதன் பின் வருடத்துக்கு 2 கிலோ அளவில்தான் கூடுகிறது. வளர்ச்சி மெதுவானால் பசியும் குறையும். இது நோயல்ல. "பாலையாவது குடிக்கட்டும்" என்று வாப்பும்மா டம்ளர் டம்ளராகக் கொடுப்பார். கடைக்குப் போன வாப்பா பிஸ்கட் வாங்கி வருவார். பிறகு மதியம் பசி எங்கிருந்து வரும்? ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பால் போனால் சோறும் இறங்காது, இரத்தசோகையும் வரலாம்.

"சோறு வீணாகிறதே ஹஜ்ரத்" என்பீர்கள். தாமிரபரணித் தண்ணீரில் விளைந்த நெல், வீணாக்கக் கூடாதுதான். அதற்குத் தட்டில் ஒரு பிடி மட்டும் வையுங்கள். கேட்டால் இன்னொரு பிடி. புதிய காயைப் பத்து முறை வைத்த பிறகு தொடுகிற பிள்ளைகளும் உண்டு.

பால்குடி மறக்கச் செய்வதைக்கூடத் தாயும் தந்தையும் கலந்து பேசி முடிவு செய்யும்படி குர்ஆன் (2:233) சொல்கிறது. நாமோ ஏசுவதோடு நிறுத்திக்கொள்கிறோம். அங்கன்வாடியில் எடை பார்க்கும் நாளில் நீங்களும் போங்கள். எடை குறைந்தாலோ, விழுங்கும்போது புரையேறிக்கொண்டே இருந்தாலோ, முகம் வெளுத்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

உமர் பின் அபீ ஸலமா (ரலி) சிறுவராக இருந்தபோது அவருடைய கை தட்டெங்கும் அலைந்தது. நபியவர்கள் அவரைத் தம்மோடு உட்காரவைத்துத்தான் பிஸ்மில்லாஹ்வையும் வலக்கையையும் சொல்லிக் கொடுத்தார்கள் (புகாரி). இன்று ஜும்ஆ முடிந்து போனதும் செல்போனை வேறு அறையில் வைத்துவிட்டு, பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிடுங்கள். அவன் நான்கு பருக்கையோடு எழுந்தால் எழட்டும்.

யா அல்லாஹ், அந்தச் சிறுவனுக்கு ஆஃபியத்தையும் அவனுடைய வாப்பாவுக்குப் பொறுமையையும் தருவாயாக. ஆமீன்.