ஆற்றில் போட்ட பொன்

விருத்தாசலம் என்றால் பழைய மலை என்று பொருள். திருமுதுகுன்றம் என்ற தமிழ்ப் பெயரும் அதையேதான் சொல்கிறது. ஆனால் ரயிலை விட்டு இறங்கி ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறவர் கண்ணில் மலை எதுவும் படாது. மணிமுத்தாறு இருக்கிறது, பழமலைநாதர் கோயில் இருக்கிறது, மலையை மட்டும் காணோம். சிவபெருமானே முதலில் மலையாக நின்றார் என்கிறது தலபுராணம். அந்த மலை பூமிக்குள் அழுந்திவிட்டது என்று ஊரில் சொல்வார்கள். பெயர் நிலைத்துப் பொருள் மறைந்துபோன இந்த ஊருக்குப் பக்கத்தில்தான், ஒன்றைப் பாதுகாப்பது என்றால் என்ன என்ற கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

இன்று விருத்தாசலத்துக்குப் பேர் வாங்கித் தந்திருப்பது பீங்கான். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே படிந்து கிடக்கும் வெள்ளைக் களிமண் பக்கத்திலேயே கிடைக்கிறது. தொழிலைக் கற்றுக்கொடுக்க அரசாங்கத்தின் கல்வி நிலையம் இருக்கிறது. கூழ்போலக் கரைத்த மண்ணை அச்சில் ஊற்றி, உலர்த்தி, சூளையில் வேகவைத்து எடுத்தால் கார்த்திகைக்கு அகல் விளக்கும், நவராத்திரிக்குக் கொலுப் பொம்மையும் தயார். ஓர் அச்சில் வார்த்த பத்துப் பொம்மைகளும் பத்துச் சகோதரர்களைப்போல் இருக்கும். பல வீடுகளில் அடுப்பு எரிவது இந்தத் தொழிலால்தான். இதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

சில வருஷங்களுக்கு முன், அங்கிருந்து சற்றுத் தொலைவிலுள்ள ஒரு கிராமத்தில் திரௌபதி அம்மன் திருவிழாவுக்குப் போயிருந்தேன். பழைய தென்னார்க்காட்டுச் சீமையில் இந்தத் திருவிழா ஒரு பெரிய பள்ளிக்கூடம். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் விடிய விடியத் தெருக்கூத்து. எழுத்தறியாத கிழவி, கர்ணன் செத்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பேரன், விளங்காத சொல்லுக்கு அவளிடம் அர்த்தம் கேட்பான். இலக்கணம் தெரியாதவர்களிடையே ஒரு பெரிய தமிழ் இப்படித்தான் வாயிலிருந்து காதுக்கும் காதிலிருந்து வாய்க்குமாக வந்திருக்கிறது.

கடைசி நாள் படுகளம். துரியோதனனை மண்ணால் தரையில் கிடத்திப் பிரம்மாண்டமாகச் செய்வார்கள். அன்று அவனுக்கு உயிர். வீமன் வேஷக்காரரும் துரியோதனன் வேஷக்காரரும் அந்த உருவத்தின் மேலேயே ஏறிப் போர் செய்வார்கள். துடை பிளந்து சிவப்பு வழியும். திரௌபதி கூந்தல் முடிப்பாள். சாயங்காலம் தீமிதி. அதற்குள் துரியோதனன் வெறும் மண்மேடாகிவிடுவான்.

நான் போனபோது ஒரு பெரியவர் அந்த மண்முகத்துக்கு மீசை முறுக்கிக்கொண்டிருந்தார். ஈரக் கையால் இரண்டு இழுப்பு. அரசனின் அகங்காரம் முழுவதும் அந்த மீசையில் வந்து உட்கார்ந்துவிட்டது. என்னால் பொறுக்க முடியவில்லை.

"பெரியவரே, இவ்வளவு அழகாகச் செய்துவிட்டு ஒரே நாளில் உடைத்துவிடுகிறீர்களே! சிமெண்டில் செய்து நிரந்தரமாக வைத்துவிடக் கூடாதா? சில ஊர்களில் அப்படிச் செய்திருக்கிறார்களே?"

அவர் நிமிராமலே சொன்னார்: "ஒடைக்கறதுக்குத்தானுங்களே செய்யறது. அப்படியே கெடந்தா அடுத்த வருசம் என்னை யாரு கூப்புடுவாங்க? எங்கைக்குத்தான் வேலை மறந்துபூடும்."

அவருடைய மகனைப் பற்றிக் கேட்டேன். பீங்கான் பட்டறையில் அச்சு வார்க்கிறானாம். மாதம் பிறந்தால் சம்பளம்.

"அவனுக்கும் இதைக் கற்றுக்கொடுங்கள். உங்களோடு போய்விடக் கூடாது."

இப்போது அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. "ஐயா பையன் என்ன பண்றாருங்க?" என்று கேட்டார்.

என் மகன் வெளியூரில் கம்பெனி உத்தியோகத்தில் இருக்கிறான். என் பேரனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. "வேலையில் இருக்கிறான்" என்று முணுமுணுத்துவிட்டு, நிழல் தேடுகிறவனைப்போல நகர்ந்துவிட்டேன்.

அன்றைக்குச் சொல்லாத பதிலைத்தான் இத்தனை நாளும் தேடிக்கொண்டிருக்கிறேன். நம் மகன் மேஜைக்கு முன்னால் உட்கார வேண்டும், அவர் மகன் மண் பிசைய வேண்டும். பண்பாடு மட்டும் நம் இருவருக்கும் பொது. இதில் என்ன நியாயம்? பாதுகாக்க வேண்டும் என்று சொல்வது சுலபம். அந்தச் சொல்லின் பாரத்தை யார் தலையில் ஏற்றுகிறோம் என்பதல்லவா கேள்வி?

வெகு தூரத்தில் ஒரு ஜனக்கூட்டத்துக்கும் இந்தக் கேள்வி வந்தது. அமெரிக்காவின் பழங்குடிகளில் செரோக்கி என்று ஓர் இனம். அவர்களில் செகோயா என்பவர் தம் மொழிக்குத் தாமே எழுத்து அமைத்தார். 1821-ல் அது வழக்குக்கு வந்தது. 1828-ல் அந்த எழுத்தில் பத்திரிகையே நடத்தினார்கள். பத்து வருஷம் கழித்து, 1838-ல், அரசாங்கம் அவர்களைச் சொந்த மண்ணிலிருந்து பிடுங்கி மேற்கே துரத்தியது. வழியில் மாண்டவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். மிஞ்சியவர்கள் 1839-ல் டாலக்வா என்ற இடத்தில் புதிதாக அரசியல் சாசனம் வகுத்துக்கொண்டார்கள். அதன் நினைவாக 1953 முதல் வருஷந்தோறும் திருவிழா எடுக்கிறார்கள். ஆட்டமுண்டு, கைவினைப் பொருள்களுண்டு, மக்காச்சோளத் தட்டையை இலக்காக வைத்து அம்பெய்யும் போட்டியுண்டு.

திருவிழா வளர்ந்தது, மொழி தேய்ந்தது. இன்று அவர்களின் பெரிய பிரிவில் மட்டும் நான்கு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். மொழியைச் சரளமாகப் பேசுகிறவர்களோ மிகச் சிலர்தான், அவர்களிலும் பெரும்பாலோர் முதியவர்கள். 2019-ல் மொழிக்கு ஆபத்து என்று செரோக்கியர் அவசரநிலையே அறிவித்தார்கள். வெறும் வருத்தத்தோடு அவர்கள் நின்றுவிடவில்லை. முழுக்கத் தாய்மொழியிலேயே சொல்லித்தரும் குழந்தைப் பள்ளியை 2001-லேயே தொடங்கியிருந்தார்கள். பிறகு, வயது வந்தவர்கள் முதியவர்களோடு உட்கார்ந்து மொழி கற்க ஏற்பாடு செய்தார்கள். கற்கிறவருக்கு, உத்தியோகத்துக்குத் தருவதுபோலப் பணமும் தருகிறார்கள். 'நீ இதைக் காப்பாற்று' என்று சொன்னவர்கள், 'உன் அடுப்பை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்றும் சொன்னார்கள்.

நம் கிராமத்தார் இதை முன்பே அறிந்தவர்கள். திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி உண்டு. ஏழையும் தன் பங்கைக் கொடுக்க வேண்டும். காப்புக் கட்டியவன் விரதம் இருக்க வேண்டும். பெரியவரின் கையில் அந்த மீசை இன்னும் இருப்பதற்குக் காரணம், ஊருக்கு அவர் தேவைப்படுகிறார் என்பதுதான். நகரத்துக் கலை விழாவில் அரைமணி நேரம் நின்று படம் பிடித்துக்கொண்டு திரும்புகிற எனக்கு அவர் தேவைப்படவில்லை, பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். பிடித்தது மறந்துபோகும். தேவையானதைத்தான் மனிதன் விடாமல் வைத்துக்கொள்கிறான்.

அப்படியானால் கண்காட்சிச் சாலையும் ஒலிப்பதிவும் வீணா? இதற்கு விருத்தாசலத்திலேயே ஒரு கதை இருக்கிறது. சுந்தரர் இந்தத் தலத்தில் பன்னிரண்டாயிரம் பொன் பெற்றார். அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொண்டார். போடுவதற்கு முன், பின்னால் ஒத்துப் பார்க்க வேண்டுமென்று மச்சமாகக் கொஞ்சம் பொன்னை வெட்டி வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்த பொன்னை உரைத்தபோது மாற்றுக் குறைந்திருந்ததாம். மறுபடி பாடிய பிறகே சரியாயிற்று.

நாம் பதிவு செய்து பத்திரப்படுத்துவதெல்லாம் அந்த மச்சம். மாற்றுப் பார்க்க அது அவசியம். ஆனால் மச்சத்தைப் பெட்டியில் பூட்டிவிட்டு அதுவே பொன் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். பொன் ஆற்றோடு போக வேண்டும். வருஷத்துக்கு வருஷம் உடைந்து, கரைந்து, இன்னொரு கையில் எழ வேண்டும்.

போன மாசிமுதல் ஞாயிற்றுக்கிழமைகளில் பேரனுக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்கிறேன், தொலைபேசியில் முகம் பார்த்துத்தான். அவன் கொட்டாவி விடுகிறான். நானும் சில நாள் அலுத்துப்போகிறேன். அந்தக் கிராமத்துக்கு வருஷ வரி அனுப்ப ஆரம்பித்திருக்கிறேன். பெரியவரின் கேள்விக்கு இது பதிலாகாது என்று எனக்குத் தெரியும். அடுத்த படுகளத்துக்குப் போனால், அவர் முகத்தைப் பார்த்துப் பேசலாம் என்ற தைரியம் மட்டும் கொஞ்சம் வந்திருக்கிறது.