காகம் கற்பித்த பாடம்

 

எல்லாப் புகழும் அல்லாஹுத் தஆலாவுக்கே உரியன. அவனுடைய அருளும் சாந்தியும் நம் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!

ஆதம் நபி அலைஹிஸ்ஸலாம் அவர்களின் இரு புதல்வர்களுடைய சரித்திரத்தைத் திருக்குர்ஆனின் அல்-மாயிதா அத்தியாயத்திலே நாம் ஓதுகிறோம். பொறாமையால் ஒருவன் தன் சகோதரனைக் கொன்றுவிட்டான். உயிரற்ற உடலை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. அப்போது அல்லாஹ் ஒரு காகத்தை அனுப்பினான். அது நிலத்தைக் கிளறிக் காட்டிற்று. அதைக் கண்ட பிறகே அவனுக்கு வழி புலப்பட்டது. ஒரு காகத்தின் அளவுக்குக்கூடத் தான் இல்லையே என்று அவன் நொந்துகொண்டான்.

இந்தச் சரித்திரத்தில் நாம் பொதுவாகக் கொலையின் பாவத்தைக் கவனிக்கிறோம். அது அவசியமே. ஆனால் இன்னொரு பாடமும் இதில் அடங்கியிருக்கிறது. மனிதனுக்கு ஆசானாக அல்லாஹ் அனுப்பியது ஒரு பறவை. கண் திறந்து பார்த்தவனுக்கு அது கற்பித்தது. எறும்பின் பெயராலும், தேனீயின் பெயராலும், சிலந்தியின் பெயராலும் திருமறையில் அத்தியாயங்கள் அமைந்திருப்பதும் நாம் சிந்திக்க வேண்டிய விஷயமன்றோ!

நம் வியாபாரத்திலிருந்தே ஓர் உதாரணம் சொல்லுவோம். கயிறு கட்டத் தெரியாத சிறு பிள்ளைகளுக்காக, அழுத்தினால் ஒட்டி, இழுத்தால் 'சர்'ரென்று பிரியும் பட்டை வைத்த சப்பாத்தை நாம் விற்கிறோம். அந்தப் பட்டை எங்கிருந்து வந்தது? 1941ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து தேசத்து எஞ்சினீயர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் என்பவர் தம் நாயுடன் உலாவி வந்தபோது, நாயின் உரோமத்திலும் தம் உடையிலும் முள்காய்கள் ஒட்டிக்கொண்டன. நம் ஊர்ப்பக்கத்து நாயுருவியைப்போல் ஒட்டும் காய்கள் அவை. நாமாயிருந்தால் முணுமுணுத்துப் பிடுங்கி எறிந்திருப்போம். அவர் அதைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தார். முள்ளின் நுனிகளெல்லாம் சிறுசிறு கொக்கிகளாக வளைந்திருந்தன. ஒரு பக்கம் கொக்கியும் மறு பக்கம் வளையமுமாகத் துணிப்பட்டை செய்ய முடியும் என்று கண்டார். பல ஆண்டு உழைப்புக்குப் பின்னரே அது கைகூடிற்று. வெல்க்ரோ என்ற பெயரில் உலகெங்கும் விற்பனையாகும் சரக்கு அதுவே.

நம் ரெங்கம் ரயில் பாதையோரத்து ஊர். ஆகவே ரயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜப்பானிலே அதிவேக ரயில் சுரங்கப் பாதைக்குள் புகும்போது, முன்னால் நெருக்குண்ட காற்று மறு வாயிலில் வெடியோசை போல் வெளிப்பட்டு, குடியிருப்போரைத் துன்புறுத்தியது. ஈஜி நகாட்சு என்ற எஞ்சினீயர் பறவைகளைக் கவனிக்கும் பழக்கமுடையவர். மீன்கொத்தி தண்ணீரைச் சிதறடிக்காமல் பாய்வதை அவர் எண்ணிப் பார்த்தார். அதன் அலகைப்போல் நீண்டு கூர்ந்த முகப்புடன் செய்யப்பட்ட ரயில் 1997இல் ஓடத் தொடங்கிற்று. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியும் அந்த ஓசை அடங்கியது.

"இவையெல்லாம் அந்நியர் செய்தவை, நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். ஒன்பதாம் நூற்றாண்டிலேயே ஸ்பெயின் தேசத்துக் குர்துபா நகரில் அப்பாஸ் இப்னு பிர்னாஸ் என்ற முஸ்லிம் அறிஞர் இறக்கை கட்டிப் பறக்க முயன்றதாகச் சரித்திர ஆசிரியர் அல்-மக்கரீ எழுதியிருக்கிறார். சிறிது தூரம் சென்றவர் இறங்கும்போது விழுந்து காயமுற்றார். பறவை வாலின் துணையால் இறங்குகிறது என்பதை அவர் கவனிக்கவில்லையாம்! இறக்கையைப் பார்த்தவர் வாலைப் பார்க்கத் தவறினார். படைப்பிடம் பாடம் கேட்பவன் பாதிப் பாடத்தோடு எழுந்துவிடலாகாது.

இனி நம் வாசலுக்கே வருவோம். ரெங்கத்தைச் சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். தோட்டத்தில் சம்பளம் போட்டால்தான் நம் கடைகளில் கூட்டம். செம்பனை காய்த்தால்தான் தோட்டத்தில் சம்பளம். இந்த மரம் மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. இங்கே மரம் செழித்ததேயொழிய, குலையிலே காய் சரியாகப் பிடிக்கவில்லை. காற்றினால் மகரந்தம் பரவுகிறது என்றே வெகுகாலம் நம்பியிருந்தார்கள். அது போதாமல், ஆட்களை வைத்து மகரந்தத்தூளை முகப்பவுடரோடு கலந்து பூப்பூவாகத் தூவினார்கள். மரம் உயர உயர அந்த வேலையின் கஷ்டமும் கூலியும் உயர்ந்தன.

லெஸ்லி டேவிட்சன் என்ற தோட்ட நிர்வாகி கமரூன் நாட்டிலே பணியாற்றியபோது, செம்பனைப் பூக்களில் பூச்சிகள் மொய்ப்பதைக் கண்டார். அவருடைய முயற்சியால், பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியல் நிபுணர் டாக்டர் ரஹ்மான் சையத் கமரூனுக்கு அனுப்பப்பட்டார். அவர் பொறுமையாக ஆராய்ந்து, மகரந்தத்தைச் சுமந்து செல்வது ஒரு சிறிய கூன்வண்டு என்று நிரூபித்தார். நம் அரிசி மூட்டையில் புகுந்து நம்மை ஏசவைக்கிறதே, அந்த வண்டின் தூரத்து உறவுதான் அது! ஆண் பூவிலே அது குடியிருந்து குஞ்சு பொரிக்கிறது. பெண் பூவும் அதே வாசனையை வீச, ஏமாந்து அங்கும் செல்கிறது. அந்தப் போக்குவரத்திலே காய் பிடிக்கிறது.

மற்றப் பயிர்களுக்குத் தீங்கு செய்யுமா என்று சோதித்த பிறகே அதை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். 1981ஆம் ஆண்டில் அது முதன்முதலில் விடப்பட்டது எங்கே தெரியுமா? நம் குளுவாங் மாவட்டத்துத் தோட்டங்களிலேதான்! சில மில்லிமீட்டர் நீளமுள்ள அந்த ஜீவன் பெருகியது. கையால் பூத்தூவும் வேலை நின்றது. நாடெங்கும் விளைச்சல் உயர்ந்தது. நம் கல்லாப்பெட்டியில் விழும் காசில் அந்த வண்டின் உழைப்பும் கலந்திருக்கிறது. ரிஜ்கை அளிப்பவன் எந்த வழியாக அளிக்கிறான் பார்த்தீர்களா?

சகோதரர்களே! இந்த அத்தாட்சிகளைக் கேட்டு "சுப்ஹானல்லாஹ்" என்று சொல்லிவிட்டு எழுந்து போவது போதாது. டாக்டர் சையத் அந்த வண்டைக் கண்டறிந்தது, யாரோ ஒரு தகப்பன் தன் மகனைப் படிக்க அனுப்பியதால் அன்றோ! நம்மில் எத்தனை பேர், பூச்சியையும் பூவையும் துருவித் துருவிக் கேள்வி கேட்கும் பிள்ளையைப் பார்த்து, "இதனால் காசு வருமா? கல்லாவில் வந்து உட்கார்" என்று சொல்லிவிடுகிறோம்! கடையை நடத்த ஒரு மகன் வேண்டும் என்பது நியாயமே. ஆனால் அல்லாஹ் ஒரு பிள்ளைக்குக் கவனிக்கும் கண்ணைக் கொடுத்திருக்கும்போது, அந்தக் கண்ணை நாம் மூடிவிட்டால், அந்த அமானிதத்துக்கு மறுமையில் பதில் சொல்ல வேண்டியவர் யார்? ஆண்பிள்ளையானாலும் பெண்பிள்ளையானாலும் விஞ்ஞானம் படிக்க விரும்பினால் தடுக்காதீர்கள். சொந்தப் பிள்ளைக்கு வசதியிருந்தால், தோட்டத்து ஏழை வீட்டுப் பிள்ளை ஒன்றின் புத்தகச் செலவையும் ஏற்றுக்கொள்ளுங்கள். தோட்டத்தால் நாம் பிழைக்கிறோம் அல்லவா?

நாமும் வியாபாரத்திலே கற்க வேண்டியது உண்டு. தேனீ தூய்மையான மலரிலே அமர்கிறது. தன் தேவைக்கு மேல் சேர்த்ததால் பிறருக்கும் பயனளிக்கிறது. அர்-ரஹ்மான் அத்தியாயத்திலே வானத்தை உயர்த்தியதைக் குறிப்பிடும் இறைவன் தராசையும் உடன் குறிப்பிடுகிறான். படைப்பின் நிறையும் நம் கடைத் தராசின் நிறையும் ஒரே நீதிக்குக் கட்டுப்பட்டவை.

காகத்தைப் பார்த்துக் கற்றவன், காரியம் கெட்ட பிறகே கற்றான். நாம் காலம் இருக்கும்போதே கற்போமாக! நம் பிள்ளைகளின் கண்களையும் நம் உள்ளங்களையும் அல்லாஹுத் தஆலா திறந்தருள்வானாக! ஆமீன்.