பழகிய சூராவும் புதிய சூராவும்

சிறுவயதில் மதரஸாவில் பாடமாக்கிய நாலைந்து சூராக்களையே நம்மில் பலர் ஆயுள் முழுவதும் தொழுகையில் ஓதி வருகிறோம். தொழுகை கூடிவிடும், ஐயமில்லை. ஆயினும் திருக்குர்ஆனில் 114 சூராக்கள் உள்ளனவே! பழையதைப் பற்றியிருப்பது பிரியத்தாலா, சோம்பலாலா?

குபா பள்ளியில் தொழவைத்த அன்ஸாரித் தோழர் ஒருவர், ரக்அத்துதோறும் முதலில் 'குல்ஹுவல்லாஹு' சூராவை ஓதி, வேறொரு சூராவையும் சேர்த்து ஓதுவார். ஏதேனும் ஒன்றை மட்டும் ஓதும்படி மக்கள் கூறினர், அவர் இணங்கவில்லை. காரணம் கேட்ட நபி (ஸல்) அவர்களிடம், அச்சூராவின் மீதுள்ள நேசமே என்றார். அந்நேசம் அவரைச் சுவனம் சேர்க்குமென நபியவர்கள் நன்மாராயம் கூறினார்கள்.

அவருடைய பிரியம் வேறொன்றை ஓதத் தடையாகவில்லை. நாவு தானே ஓட, உள்ளம் கடைவீதியில் திரிந்தால் அது பிரியமன்று, வெறும் பழக்கம். பழகியதை விடாமல், புதிதாய் ஒன்றைப் பொருளுணர்ந்து பாடமாக்குவோம். வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.