பழைய ரதமும் புதிய உறுப்புகளும்

1984 முதல் 2002 வரை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த கண்டெஸா காரொன்றை மதுரையில் தம் வீட்டுப் பின்கட்டிலே பிரித்துப் போட்டு, துருவேறிய தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகட்டைப் பற்றவைத்து, என்ஜினையும் மாற்றிய அன்பரொருவர் அதனைப் பழைய வண்டியென்றே அழைப்பாரானால், அந்தப் பழமை எங்கே குடியிருக்கிறது?

50 ஆண்டு கடந்தவற்றைத் தொன்மை வாகனமாகப் பதிவு செய்ய இடந்தரும் 2021-ஆம் ஆண்டு மத்திய விதி, சேஸிஸும் உடற்கூடும் என்ஜினும் பெரிதும் மாறாதிருக்க வேண்டுமென்று கூறி, ஸ்வரூபத்தை ஜடத்திலே வைக்கிறது. மிலிந்த பஞ்ஹா என்னும் பௌத்த நூலில் வரும் நாகசேன பிக்குவோ, சக்கரமும் அச்சும் தனித்தனியே ரதமாகா, அவை கூடியவிடத்து வழங்கும் பெயரே ரதம் என்று மன்னன் மிலிந்தனுக்கு உணர்த்துகிறார்.

ஆலயத் திருப்பணியின் மார்க்கம் வேறு. மூர்த்தியின் சாந்நித்தியத்தைக் கும்பத்தில் ஆவாகனம் செய்து, பாலாலயத்தில் எழுந்தருளுவித்து, ஜீர்ணித்ததைச் செப்பனிட்ட பின்னர் கும்பாபிஷேகத்தால் மூலஸ்தானத்திலே மீண்டும் சேர்ப்பிக்கும் ஆகம முறையை உடைய நமக்கு, 2018 பிப்ரவரித் தீயில் சிதைந்த வீரவசந்தராயர் மண்டபத்தைப் புதுக் கற்களால் எடுப்பித்தாலும் மீனாட்சியம்மன் கோயில் வேறொன்றாகிவிடுவதில்லை.

காருக்குச் சாந்நித்தியம் கற்பிப்பது மிகையே. ஆயினும் பொருளின் தொடர்ச்சியைக் காப்பது, அதன் பூர்வ அளவையும் அமைப்பையும் பிரமாணமாகக் கொண்டு தன் இச்சையை அடக்கும் கைகளின் நியமமே. அந்நியமத்தை விட்டு மனம்போல் உருமாற்றுகிறவர் சிருஷ்டி செய்கிறார், புதுப்பிக்கவில்லை. சிருஷ்டி குற்றமன்று, அதற்குப் பழமையின் பெயரைச் சூட்டுவதே அசத்தியம்.