கோடு போட்டவன்

பெரிய கட்டடங்களைக் காண்பதைவிட, அவற்றுக்காக வரைந்த படங்களைக் காண்பதில் எனக்கு ஆசை அதிகம். கட்டடம் முடிவை மட்டும் சொல்லும். அந்த முடிவுக்கு வரும்முன் மனிதர்கள் எங்கெங்கே தயங்கினார்கள் என்பதைக் காகிதம்தான் சொல்லும்.

ரோமாபுரியில், புனித பேதுரு பேராலயத்தின் பலிபீடத்துக்கு மேலே வெண்கல விதானம் ஒன்று நிற்கிறது. நான்கு முறுக்குத் தூண்கள். உயரம் ஏறக்குறைய 29 மீட்டர். 1624-இல் தொடங்கிய வேலை. 1633-இல் மக்கள் பார்வைக்குத் திறந்தார்கள். செய்தவர் யார் என்று கேட்டால், "பெர்னினி" என்று உடனே விடை வரும்.

ஆனால், வியன்னாவில் உள்ள ஆல்பர்ட்டினா காட்சிசாலையில் அந்த விதானத்தின் வரைபடங்கள் சில இருக்கின்றன. பேராலயத்துக்குள் விதானம் எப்படித் தோன்றும் என்று அளந்து பார்த்து வரைந்தவை. அவற்றை வரைந்த கை பொரோமினியின் கை. கல்தச்சராக வாழ்க்கையைத் தொடங்கியவர். பெர்னினிக்கு ஏறக்குறைய ஒத்த வயதினர். அன்று அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்.

விதானத்தின் உச்சியில், உயிர்த்தெழுந்த கிறிஸ்துவின் சிலையை வைப்பதாகத்தான் முதலில் திட்டம். தூண்கள் அந்தப் பாரத்தைத் தாங்கமாட்டா என்று அதைக் கைவிட்டார்கள். இன்று காணும் வளைந்த முகடும், உருண்டையும், சிலுவையும் பிறகு வந்தவை. அந்த வளைவு யார் உள்ளத்தில் பிறந்தது? அறிஞர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

பெர்னினி திருடினார் என்று சொல்ல நான் வரவில்லை. விதானம் சரிந்திருந்தால், பாப்பரசர் எட்டாம் அர்பன் அவரைத்தானே கேட்டிருப்பார்? பழியைச் சுமப்பவனுக்குப் புகழும் உரியது. இது நியாயம்தான். இந்த நியாயத்தைச் சொல்லிக்கொண்டு நானும் நெடுநாள் நிம்மதியாக உறங்கினேன்.

என் முதல் நாவலை நண்பன் ஒருவன் இரவெல்லாம் விழித்திருந்து படியெடுத்துக் கொடுத்தான். ஓரிடத்தில் நிறுத்தி, "இங்கே தாய் அழக் கூடாது, விளக்கை மட்டும் அணைக்கட்டும்" என்றான். எனக்குக் கோபம் வந்தது. மறுநாள் அவன் சொன்னபடியே மாற்றினேன். வாசகர்கள் இன்றும் என்னிடம் புகழ்வது அந்த இடத்தைத்தான். முன்னுரையில், "படியெடுத்து உதவிய நண்பருக்கு நன்றி" என்று எழுதினேன். பெயரைப் போடவில்லை. அவன் படித்துவிட்டுச் சிரித்தான். "என் கையெழுத்து நன்றாக இருந்தது என்றாவது எழுதியிருக்கலாமடா!" என்றான். அதன் பின் அவன் எனக்குப் படியெடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பொரோமினி பின்னாளில் பெர்னினியை விட்டுப் பிரிந்து, தாமே பெரிய கட்டடக் கலைஞரானார். ஆயினும் உள்ளத்தின் புண் ஆறவில்லை. 1667-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அதற்குச் சில நாள் முன்பு, பிறர் கையில் சிக்கக் கூடாதென்று தம் வரைபடங்கள் பலவற்றை எரித்துவிட்டார் என்று பழைய வரலாறு கூறுகிறது.

ஒருவனுக்கு உரிய சொல்லை மறுப்பவன் அவனிடமிருந்து எதையும் பறிப்பதாகத் தோன்றாது. கூலி கொடுத்தாயிற்று, நன்றியும் சொல்லியாயிற்று என்றே தோன்றும். பறிபோனது என்ன என்பது, அடுத்த முறை அவன் வாய் திறக்காதபோதுதான் தெரியும்.

நாவலின் அடுத்த பதிப்பில் நண்பன் பெயரைச் சேர்த்தேன். அவன் சொன்ன விளக்கையும் சொன்னேன். படித்துச் சிரிக்க அவன் இல்லை. ஆனாலும், பொய் ஒன்று அச்சில் குறைந்தது.