விருந்துக்கு ஏற்ற உடை

வேம்பாரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சென்ற விடுமுறையில் விளாத்திகுளத்திற்கு வந்திருந்தபோது, நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய பாட்டனார் சங்கு குளித்தவர். தந்தையார் விசைப்படகில் சென்றவர். இவரோ உல்லாசக் கப்பல் ஒன்றில் உணவு பரிமாறும் பணியில் இருக்கிறார். கடலின்மேலேயே ஆண்டில் எட்டு மாதங்கள் வாழ்ந்தும் கடல்நீர் காலில் படாத பிழைப்பு என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அன்று அவர் சிரிக்கவில்லை.

அக்கப்பலில் ஒவ்வொரு நாளும் பயணிகளின் அறைக்கு ஓர் அச்சிட்ட தாள் வருமாம். மறுநாள் கப்பல் எந்தத் துறையை அடையும், என்ன நிகழ்ச்சிகள் நடைபெறும் என்பவற்றோடு, 'இன்றைய மாலை உடை' என்றும் ஒரு வரி அதில் இருக்கும். சில மாலைகளில் எளிய உடை போதும். சில மாலைகள் சிறப்பு மாலைகள். அன்று ஆடவர் கருநிறக் கோட்டும் டையும் அணிந்தாக வேண்டும். பெண்டிர் நீண்ட அங்கி அணிவர். அத்தகைய ஒரு மாலையில், மலேசியாவிலிருந்து வந்த எழுபது வயது கடந்த தமிழர் ஒருவர், பட்டு வேட்டியும் வெள்ளைச் சட்டையும் அங்கவஸ்திரமுமாக, காஞ்சிப் பட்டு உடுத்திய தம் மனைவியாருடன் உணவுக்கூடத்தின் வாயிலில் வந்து நின்றார். அம்மையாரின் சேலை விதிக்குப் பொருத்தமானது. ஐயாவின் வேட்டி பொருத்தமானதன்று. கூடத்தின் தலைமைப் பணியாளருக்கு அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நம் இளைஞரை அழைத்து, "உன் மொழியில் நீ சொல்" என்றாராம்.

"'ஐயா, இன்னைக்கு ராத்திரி மட்டும் மேல்தளத்துல சாப்பிடுங்க'ன்னு சொன்னேன், அண்ணாச்சி. அவர் ஒண்ணுமே பேசலை. ஒரு தடவை குனிஞ்சு வேட்டியைப் பார்த்துக்கிட்டார். அவ்வளவுதான். நான் செஞ்சது பாவமா? பாவசங்கீர்த்தனத்துல சொல்லணுமா?"

அன்று நம்மால் மறுமொழி கூற இயலவில்லை. மழுப்பலாக ஏதோ சொல்லி, கருப்பட்டிக் காப்பி கொடுத்து அனுப்பிவைத்தோம். அதன்பின் நெடுநாள் எண்ணிப் பார்த்ததையே இங்கே எழுதுகிறோம்.

முதலில், கப்பல்காரர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். விருந்து அளிப்பவர்க்கு விருந்தின் முறையை வகுக்கும் உரிமை உண்டு. உடை என்பது வாய் திறவாத ஒரு மொழி. துக்க வீட்டிற்குச் சரிகை மின்னச் செல்வோரை நாம் மதிப்பதில்லை. உரோமையில் புனித பேதுரு பேராலயத்திற்குள் தோளும் முழங்காலும் மூடாமல் வருவோரை இன்றும் வாயிலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். அதில் நமக்கு வருத்தம் இல்லை. நல்லுடை உடுத்தி வருபவர் தம்மை மட்டுமா அழகுபடுத்திக் கொள்கிறார்? உடன் அமர்வோரையும் அவர் சிறப்பிக்கிறார். உடை ஒன்றானால் ஏற்றத்தாழ்வு மறையும் என்பாரும் உளர். காமராசர் ஆட்சிக் காலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை வந்ததன் நோக்கமும் அதுவே அன்றோ? எல்லாரும் கருநிறக் கோட்டில் அமர்ந்திருக்கையில், கோடீசுவரர் யார், எழுத்தர் யார் என்று தெரியாதாம். பாதி உண்மைதான். ஆனால், சீருடையை ஏழைப் பிள்ளைக்கு அரசு வழங்குகிறது. கோட்டை அவரவரே தைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மேலும், பெருங்கப்பல்களில் அறையின் கட்டணத்திற்கேற்ப உணவுக்கூடமே வேறுபடுவது இன்றும் உண்டு. குவீன் மேரி 2 என்னும் கப்பலில் உயர்கட்டண அறைகளில் தங்குவோர்க்கென்றே தனிக் கூடங்கள் இருக்கின்றன. ஆகவே உடையின் சமத்துவம் கூடத்தின் கதவுவரைகூடச் செல்வதில்லை.

இனி, அந்த மாலை உடையின் வரலாற்றைச் சற்றே பார்ப்போம். இன்று உடைகளுள் மிகக் கண்டிப்பானதாகக் கருதப்படும் இந்தக் குட்டைக் கோட்டு, பிறந்தபோது சோம்பேறிகளின் உடையாக எண்ணப்பட்டது! பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் மேன்மக்கள் மாலை விருந்துக்கு வால் நீண்ட கோட்டையே அணிந்தனர். வீட்டளவில், நெருங்கியவர் நடுவில், சற்று இளைப்பாறும் பொருட்டு வால் இல்லாத கோட்டு வந்தது. 1880களில் அது அமெரிக்காவுக்குச் சென்று, நியூயார்க் அருகிலுள்ள டக்சிடோ பார்க் என்னும் ஊரின் பெயரால் வழங்கலாயிற்று. ஒரு தலைமுறையின் அலட்சியம் மறுதலைமுறையின் மரியாதை ஆகிவிடுகிறது.

அதைவிட வியப்பு ஒன்று உண்டு. அக்கோட்டுடன் இடுப்பில் கட்டும் பட்டைக்குக் கம்மர்பண்ட் என்று பெயர். அது பாரசீக, இந்துஸ்தானிச் சொல்லாகிய கமர்பந்த், நம் கச்சைதான். இந்திய வெயிலில் உட்சட்டை அணிய மாட்டாத ஆங்கில அதிகாரிகள் நம்மவரைப் பார்த்துக் கட்டிக்கொண்டது அது. செங்கடலின் வெம்மையில் கோட்டையே கழற்றிவிட்டு, சட்டையும் கச்சையுமாக விருந்துண்ணும் வழக்கமும் கப்பல் அதிகாரிகளிடையே தோன்றி, 'செங்கடல் உடை' என்று தனிப்பெயர் பெற்றது. ஆள்பவர்க்கு வியர்த்தால் விதி வளைந்து கொடுக்கும் போலும். அச்சட்டையில் பதிக்கும் பொத்தான்களைச் சிப்பியின் உள்ஓட்டிலிருந்து கடைவதும் வழக்கம். சிப்பி என்றதும் நம் கரை நினைவுக்கு வருகிறது. தூத்துக்குடிக் கடலில் 1961ஆம் ஆண்டோடு அரசின் முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. அதுவரை, காலில் கல்லைக் கட்டி, இடையில் ஒரு முழத் துணியோடு மூச்சடக்கி இறங்கிய நம் முன்னோர் எடுத்துவந்த முத்துக்கள் எத்தனை விருந்துகளில் எத்தனை கழுத்துகளில் ஒளிர்ந்தனவோ! முத்துக்குத் தடையில்லை. முத்தெடுத்தவரின் துணிக்குத்தான் தடை.

இது கடலுக்கு அப்பாலுள்ளவர் கதை மட்டுமன்று. 2014 சூலை மாதத்தில், சென்னை சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் மன்றத்தில் நடைபெற்ற ஒரு நூல் வெளியீட்டு விழாவிற்கு, உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் வேட்டி கட்டிச் சென்றார் என்பதற்காகவே அனுமதி மறுக்கப்பட்டது. நீதி வழங்கும் இருக்கையில் அமர்பவர், தம் தாய்நாட்டில், தம் தந்தை உடுத்திய உடையோடு உள்ளே போக முடியவில்லை. மறுமாதமே சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. வேட்டியையோ பிற இந்திய மரபுடையையோ காரணம் காட்டி மன்றங்களும் பொது இடங்களும் எவரையும் தடுத்தால், ஓராண்டு வரை சிறையும் இருபத்தையாயிரம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம், உரிமத்தையும் நீக்கலாம். நல்லது. ஆனால் ஒன்றரை ஆண்டு கழியுமுன், 2016 சனவரியில், நீதிமன்ற ஆணை ஒன்றின்படி நம் மாநிலத்துத் திருக்கோயில்களில் ஜீன்ஸ் அணிந்தோர் வாயிலில் நிறுத்தப்பட்டனர். சில வாரங்களில் அந்த ஆணையும் நிறுத்திவைக்கப்பட்டது. வாயில்காப்போன் வேலை எல்லாருக்கும் இனிக்கிறது என்பதே நமக்குத் தோன்றுகிறது.

உடுத்தாதே என்று தடுத்த கொடுமையும் நமக்குத் தெற்கே நடந்ததே. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பல்லாண்டுகள் அடியும் அவமானமும் பட்டனர். கிறிஸ்தவப் பெண்களே அதில் முன்நின்றனர். 1859 சூலையில் அரசு இசைந்தது. இசைந்தபோதும், மேல்சாதிப் பெண்களைப் போல் உடுத்தலாகாது என்ற நிபந்தனையோடுதான் இசைந்தது. துணி கிடைத்தது, சமம் கிடைக்கவில்லை.

நம் திருச்சபையின் வரலாற்றில் தத்துவ போதகர் இராபர்ட் தெ நோபிலியை நாம் மறக்க இயலாது. 1606இல் மதுரைக்கு வந்த அவர், கறுப்பு அங்கியைக் களைந்து காவி உடுத்தினார். மரத்தாலான பாதக்குறடு அணிந்தார். ஒரு மக்களின் உடையை உடுத்தினாலன்றி அவர்கள் உள்ளத்தில் நுழைய இயலாது என்று கண்டவர் அவர். எத்தனையோ வழக்குகளுக்குப்பின் 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவர் முறையை ஏற்றுக்கொண்டார். இதை நாம் பெருமையோடு சொல்லுகிறோம். சொல்லாமல் விடுவது மற்றொன்று. அந்தக் காவி உடையின் பொருட்டு, மதுரையில் முன்னமே இருந்த, நம் கரையைச் சேர்ந்த பரதவக் கிறிஸ்தவர்களிடமிருந்தும், அவர்களுக்குப் பணியாற்றிய மூத்த குருவிடமிருந்தும் அவர் விலகி வாழ நேர்ந்தது. ஓர் உடை ஒரு கதவைத் திறக்கும்போதே மற்றொரு கதவைச் சாத்திவிடுகிறது. அவ்வளவு பெரியவருக்கும் அதிலிருந்து தப்ப வழி இருந்ததில்லை.

நற்செய்தியோ நம்மை இன்னும் சங்கடத்தில் ஆழ்த்துகிறது. மத்தேயு இருபத்திரண்டாம் அதிகாரத்தில், வழியோரத்திலிருந்து அழைத்துவரப்பட்ட ஒருவன் திருமண ஆடை இல்லாமல் வந்தான் என்பதற்காக வெளியே தள்ளப்படுகிறான். சிறுவயதில் மறைக்கல்வி வகுப்பில் இவ்வுவமையைக் கேட்டபோது, 'வழியில் போனவனுக்கு ஆடை ஏது?' என்று கேட்டுக் குட்டுப் பட்டது நினைவிருக்கிறது. அக்காலத்தில் ஆடையையும் அரசரே வாயிலில் வழங்குவார், அவன் வாங்க மறுத்தான் என்று விளக்குவாருண்டு. புனித அகுஸ்தீனார் அந்த ஆடை அன்பே என்று விளக்கினார். அப்படியானால் அது எந்த ஏழைக்கும் எட்டாத உடையன்று. எந்தச் செல்வரும் விலைக்கு வாங்கக்கூடிய உடையுமன்று. யாக்கோபின் திருமுகமோ நேரே நம் முகத்தைப் பார்த்துப் பேசுகிறது. பொன் மோதிரமும் பளபளப்பான உடையும் அணிந்தவனுக்கு நல்லிடமும், அழுக்குத் துணி உடுத்தியவனுக்குக் காலடியும் கொடுக்கும் சபையை அது கடிந்துகொள்கிறது. அந்தச் சபை கப்பலில் கூடிய சபையன்று. தொழுகைக்குக் கூடிய சபை.

நம் வட்டாரத்தில் சீமைக் கருவேல விறகை மூட்டம் போட்டுக் கரி எடுக்கும் குடும்பங்கள் பல. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் நகக்கண்ணிலும் துணியிலும் அந்தக் கருமை போகாது. அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தை நாம் அறிவோம். ஞாயிறுதோறும் தவறாமல் வருபவர்கள். கிறிஸ்து பிறப்பு விழா நள்ளிரவுத் திருப்பலிக்கு மட்டும் வருவதில்லை. காரணம் கேட்டபோது, "எல்லாரும் புதுசு உடுத்தி வருவாங்க, பிள்ளைங்க ஏங்கும்" என்றார் அந்தத் தாய். நம் கோயில் வாயிலில் எவரும் நின்று தடுக்கவில்லை. எந்தத் தாளிலும் 'இன்றைய உடை' என்று அச்சிடவில்லை. ஆயினும் அவர்கள் படித்திருக்கிறார்கள். நம் கண்களில்தான் படித்திருக்க வேண்டும். கப்பலைக் குறைகூற எழுதுகோலை எடுத்த நமக்கு இந்த இடத்தில் கை நின்றுவிட்டது.

ஆகவே, உடை விதிக்கலாமா கூடாதா என்பதைவிட, விதி எதைக் கேட்கிறது என்பதே கேட்கத் தக்கது. 'உன்னிடமுள்ளவற்றில் சிறந்ததை உடுத்தி வா' என்று கேட்பது ஒன்று. 'எங்களிடமுள்ளதை நீயும் வைத்திருந்தால் வா' என்பது வேறொன்று. முன்னது விருந்தினரை மதிக்கிறது. பின்னது விருந்தினரைச் சல்லடையில் போடுகிறது. அந்த மலேசியப் பெரியவர் தம்மிடமிருந்த மிகச் சிறந்ததை, மகன் திருமணத்திற்கு உடுத்தியதாகவே இருக்கலாம், உடுத்தி வந்தார். விதியின் உயிரை அவர் நிறைவேற்றியிருந்தார். எழுத்துத்தான் அவரைத் திருப்பி அனுப்பியது. சிறப்பு மாலைகளில் அவரவர் நாட்டு உடையையும் ஏற்றுக்கொள்ளும் கப்பல்கள் உண்டு என்று அறிகிறோம். எனவே அது முடியாத காரியமும் அன்று.

அப்படியானால் நம் இளைஞர் குற்றவாளியா? பிறர் வகுத்த விதியைக் கூலிக்காக அறிவிப்பவனையும் அதை வகுத்தவனையும் அறநெறி ஒரே தட்டில் வைப்பதில்லை. விதியை அவர் விரும்பவில்லை. மறுத்திருந்தால் வேலை போயிருக்கும். அவர் போகாவிட்டால், வேறொருவர் புரியாத மொழியில் இன்னும் கடுமையாகச் சொல்லியிருப்பார். இவையெல்லாம் உண்மை. இருந்தும் அவர் உள்ளம் உறுத்துகிறதே! அந்த உறுத்தலை நாம் துடைத்துவிட விரும்பவில்லை. தம் தாய்மொழியைக் கொண்டே தம்மவரை வெளியே நிறுத்த நேர்ந்ததில் உறுத்தாத நெஞ்சுதான் அஞ்சத்தக்கது.

யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரத்தில், நம் கடற்கரையார் கேட்டுச் சிரிக்கும் ஒரு காட்சி உண்டு. படகில் ஆடையின்றி வலை இழுத்துக்கொண்டிருந்த பேதுரு, கரையில் நிற்பவர் ஆண்டவர் என்று அறிந்ததும், மேலாடையை எடுத்து உடுத்திக்கொண்டு கடலில் குதிக்கிறார். நீந்தப் போகிறவன் உடையைக் களைவான், உடுத்துவானா? ஆனால் தலைவர்முன் வெற்றுடம்போடு நிற்க அந்த மீனவருக்கு மனம் வரவில்லை. சொட்டச் சொட்ட நனைந்த உடையோடு அவர் கரையேறியிருப்பார். அங்கே கரி நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக் காத்திருந்தவர் அந்த உடையைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதாக எழுதப்படவில்லை. சில நாள்களுக்கு முன்புதான் அவர் தம் மேலாடையைக் கழற்றி வைத்துவிட்டு, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, அதே பேதுருவின் கால்களைக் கழுவியிருந்தார். அன்றைய விருந்தில் அவர் உடுத்தது பரிமாறுபவனின் உடை.

இதையெல்லாம் அந்த இளைஞர் மீண்டும் கப்பலுக்குப் புறப்படுமுன் வந்தபோது சொன்னோம். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, முன்பு சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொன்னார். அடுத்த சிறப்பு மாலையில் அந்தப் பெரியவர் உணவுக்கூடத்திற்கு வந்தாராம். யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டு, தோளில் நிற்கவில்லை, கைகள் விரல்நுனிவரை நீண்டிருந்தன. சூப்பைக் கரண்டியில் எடுக்கும்போதெல்லாம் கோட்டின் கை அதில் தோய்ந்தது. அம்மையார் பக்கத்தில் தலைகுனிந்து அமர்ந்திருந்தார்.

"நான் தட்டைக் கீழே வச்சுட்டு, முட்டி போட்டு உட்கார்ந்து, 'கையைக் குடுங்க ஐயா'ன்னு சொல்லி ரெண்டு கையையும் மடிச்சு விட்டேன், அண்ணாச்சி. 'எந்த ஊரு தம்பி?'ன்னு கேட்டார். வேம்பாருன்னு சொன்னேன்."

பேருந்து வரும் நேரமாகிவிட்டது என்று எழுந்துகொண்டார்.